கால்வாயில் பிறந்து பிளாஸ்மாவில் பெயர் வாங்கிய அலை

போன செமஸ்டர் பிராக்டிகலில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. மொத்தம் 18 ரீடிங். கிராஃப் ஷீட்டில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தால் 17 புள்ளிகள் சமர்த்தாக ஒரே கோட்டில் உட்கார்ந்துவிட்டன. ஒன்று மட்டும் கோட்டை விட்டு எகிறி மேலே தனியாக நின்றது. "அதை அழிச்சுட்டு கோட்டைப் போடு, ரெக்கார்டுல பார்க்க அசிங்கமா இருக்கும்" என்றார் பக்கத்தில் இருந்த சீனியர். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ரப்பர் எடுத்தேன், அழித்தேன், கோடு போட்டேன். மார்க்கும் வந்தது.

அடுத்த வாரம் செமினாருக்கு எனக்கு விழுந்த தலைப்பு, பிளாஸ்மாவில் நேரியலற்ற அலைகள். வேண்டாவெறுப்பாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று உறுத்தியது. இந்தத் துறையின் வரலாறு முழுக்க, யாரோ அழிக்கப் பார்த்த புள்ளிகளாகவே இருக்கிறது! கண்ணால் பார்த்தவன் ஒருவன், "கணக்குப்படி அப்படி நடக்காது" என்று சொன்ன பெரிய மனிதர்கள் சிலர், பல வருஷம் கழித்து "ஓ, கணக்குதான் தப்பு" என்று வேறு யாராவது. செமினாரில் 20 நிமிஷம்தான் கொடுத்தார்கள். அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். கணக்குக்குப் பயந்தவர்களும் தைரியமாகப் படிக்கலாம், ஒரு சமன்பாடுகூடக் கிடையாது. (அதையெல்லாம் தட்டச்சு செய்ய எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மைக் காரணம்.)

1834 ஆகஸ்ட். ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகருக்குப் பக்கத்தில் யூனியன் கால்வாய். அந்தக் காலத்தில் கால்வாயில் படகை இழுத்தது குதிரைகள். படகை எவ்வளவு வேகமாக இழுக்கலாம் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்ற 26 வயது இன்ஜினியர். ஓடிக்கொண்டிருந்த படகு திடீரென்று நின்றது. படகு நின்றதே தவிர, அது தள்ளிக்கொண்டு வந்த தண்ணீர் நிற்கவில்லை. முன்பக்கம் குவிந்து, வழுவழுப்பான ஒரே மேடாகத் திரண்டு, படகை விட்டுப் பிரிந்து தன் பாட்டுக்குக் கிளம்பிவிட்டது. சுமார் 30 அடி நீளம், ஒன்று ஒன்றரை அடி உயரம், மணிக்கு எட்டு ஒன்பது மைல் வேகம். ரஸ்ஸல் குதிரையில் ஏறிப் பின்னாலேயே துரத்தினார். ஒன்றிரண்டு மைல் தூரம் போனபிறகு, கால்வாயின் வளைவுகளில் அதைத் தவறவிட்டார்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். நம்ம ஊர் தெப்பக்குளத்தில் ஒரு கல்லைப் போட்டுப் பாருங்கள். வட்டம் வட்டமாக அலை கிளம்பும், மேடு பள்ளம் மேடு பள்ளம் என்று விரியும், கரையைத் தொடுவதற்குள் செத்துப்போகும். ரஸ்ஸல் பார்த்த அலையில் பள்ளமே இல்லை. ஒரே ஒரு மேடு. அது விரியவும் இல்லை, சாகவும் இல்லை.

மனிதர் விடவில்லை. வீட்டிலேயே தொட்டி கட்டி, அந்த அலையைத் திரும்பத் திரும்ப உண்டாக்கிப் பார்த்தார். உயரமான அலை வேகமாகப் போகிறது என்று கண்டுபிடித்தார். 1844-ல் விரிவான அறிக்கை கொடுத்தார். பதில்? அரசு வானியலாளராக இருந்த ஜார்ஜ் ஏரி, அன்றைக்கு இருந்த அலைக் கணக்கை வைத்துக்கொண்டு, இதில் தனிச் சிறப்பு எதுவும் இல்லை என்று ஒதுக்கினார். ஸ்டோக்ஸும் அப்படி ஓர் அலை உருமாறாமல் போக முடியாது என்று சந்தேகப்பட்டார் (பின்னால் மனம் மாறினார், அது அவருடைய பெருமை). இவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. அந்தக் காலத்தில் அலை பற்றி அதிகம் தெரிந்தவர்களே இவர்கள்தான். அதனால்தான் எனக்கு இது இன்னும் பயமாக இருக்கிறது.

பிரான்சில் பூசினெஸ்க் 1871-லும், இங்கிலாந்தில் ரேலே 1876-லும் ரஸ்ஸலின் அலைக்குக் கணக்குப்பூர்வமான ஆதரவு கொடுத்தார்கள். 1895-ல் ஹாலந்தில் கோர்ட்டவெக் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர் டி ஃப்ரீஸும் சேர்ந்து, இன்றைக்கு அவர்கள் பெயராலேயே அழைக்கப்படும் சமன்பாட்டை எழுதினார்கள். அப்போது ரஸ்ஸல் இறந்து 13 வருஷம் ஆகியிருந்தது. டி ஃப்ரீஸ் அதன்பிறகு பள்ளிக்கூட வாத்தியாராக வாழ்ந்தார்.

அந்தச் சமன்பாடு என்ன சொல்கிறது? பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் 1500 மீட்டர் ஓட்டம் நினைவிருக்கிறதா? விசில் ஊதும்போது எல்லாரும் ஒரே கும்பல். ஒரு சுற்று முடிவதற்குள் கும்பல் நீண்டு கலைந்துவிடும், ஆளுக்கொரு வேகம் என்பதால். தண்ணீர் மேடும் இப்படித்தான். பல நீளமுள்ள அலைகள் சேர்ந்த கும்பல் அது, ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு வேகம். விட்டால் கலைந்து தட்டையாகிவிடும். வகுப்பில் டிஸ்பர்ஷன் என்பார்கள், நான் கலைதல் என்றே சொல்கிறேன். இன்னொரு பக்கம், உயரமான தண்ணீர் தாழ்வான தண்ணீரை விட வேகமாகப் போகும். உச்சி அடிவாரத்தை எட்டிப் பிடிக்கும், முன்பக்கம் செங்குத்தாகிக் கவிழும். மெரினாவில் அலை உடைவது இதனால்தான். இதுதான் நேரியலற்ற தன்மை: அலையின் உயரமே அலையின் போக்கை மாற்றுகிறது. ஒன்று கலைக்கப் பார்க்கிறது, இன்னொன்று குவிக்கப் பார்க்கிறது. இரண்டும் சரிசமமாக இழுத்தால் அலை அப்படியே நிற்கும். ரஸ்ஸல் துரத்தியது இந்த இழுபறியைத்தான். ஏரி பிடித்துக்கொண்டது குவிவதை மட்டும். அதனால் அவர் கணக்கில் உருமாறாத அலைக்கு இடமே இல்லாமல் போனது.

இதற்குப் பிறகு சுமார் 60 வருஷம் அந்தச் சமன்பாடு தூங்கியது. அதை எழுப்பியது தண்ணீர் இல்லை, கம்ப்யூட்டர்.

1950-களின் முதல் பாதி, அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம். அணுகுண்டுக் கணக்குகளுக்காக அங்கே மேனியாக் என்ற கம்ப்யூட்டர் இருந்தது. என்ரிக்கோ ஃபெர்மி, ஜான் பாஸ்தா, ஸ்டானிஸ்லா உலாம் மூவரும் அதில் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். ஸ்பிரிங்கால் வரிசையாகக் கோத்த எடைகள். அதிகபட்சம் 64. ஸ்பிரிங் கொஞ்சம் நேரியலற்றது. சங்கிலி முழுவதும் ஒரே வளைவாக அசைகிற மாதிரி ஆற்றல் கொடுத்து விட்டால் என்ன ஆகும்? ஆற்றல் எல்லா வகை அதிர்வுகளுக்கும் மெல்லப் பரவி, கடைசியில் சமமாகிவிடும் என்பது எதிர்பார்ப்பு. காபியில் போட்ட சர்க்கரை மாதிரி. கரைந்தபிறகு சர்க்கரை மறுபடி கட்டியாகுமா? இங்கே ஆனது! ஆற்றல் நாலைந்து அதிர்வுகளுக்குப் போய்விட்டு, ஏறக்குறைய முழுவதுமாக முதல் அதிர்வுக்கே திரும்பி வந்தது. அறிக்கை 1955 மே மாதம் வந்தது. ஃபெர்மி அதற்கு முந்தைய வருஷமே காலமாகிவிட்டார்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். அந்தக் கணக்கை மேனியாக்குக்குப் புரியும்படி நிரலாக எழுதியவர் மேரி சிங்கூ என்ற இளம்பெண். அறிக்கையின் முதல் பக்கத்திலேயே, வேலையைச் செய்தவர்கள் நாலு பேர் என்று அவர் பெயரும் இருக்கிறது. ஆனால் அறிக்கையை எழுதியவர்கள் மூன்று பேர். அதனால் 50 வருஷத்துக்கும் மேல் இது மூவர் பெயராலேயே புத்தகங்களில் வந்தது. 2008-ல் தியரி டாக்ஸ்வா என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதற்குப் பிறகுதான் பலரும் நாலாவது பெயரையும் சேர்க்க ஆரம்பித்தார்கள். என் பாடப்புத்தகத்தில் இன்னும் மூன்று பெயர்தான். பேனாவால் நாலாவதை எழுதி வைத்திருக்கிறேன்.

சரி, இதில் பிளாஸ்மா எங்கே வந்தது?

வாயுவைச் சூடாக்கினாலோ மின்சாரம் பாய்ச்சினாலோ அணுக்களில் இருந்து எலக்ட்ரான்கள் கழன்றுகொள்ளும். எலக்ட்ரானும் அயனியும் கலந்து திரியும் அந்தச் சரக்குதான் பிளாஸ்மா. சூரியன் அதுதான், மின்னல் அதுதான், நம் வீட்டு டியூப்லைட்டுக்குள் இருப்பதும் அதுதான். 1928-ல் அந்தப் பெயரை வைத்தவர் இர்விங் லாங்மியூர். சூரியனில் நடக்கும் அணுக்கரு இணைவைப் பூமியில் ஒரு பாத்திரத்துக்குள் நடத்திக் காட்ட, 1951-ல் பிரின்ஸ்டனில் மேட்டர்ஹார்ன் என்ற திட்டம் ஆரம்பித்தது. முதலில் பரம ரகசியம். அதில் சேர்ந்த கணக்காளர்களில் ஒருவர் மார்ட்டின் க்ரஸ்கல்.

ஃபெர்மி குழுவின் சங்கிலி ஏன் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்ற புதிரை க்ரஸ்கலும், பெல் ஆய்வகத்தில் இருந்த நார்மன் ஸபுஸ்கியும் கையில் எடுத்தார்கள். சங்கிலியின் எடைகளை மிக நெருக்கமாக வைத்துக் கணக்குப் போட்டால் வந்து நின்றது, 1895-ன் அதே கால்வாய்ச் சமன்பாடு. ஏற்கெனவே 1960-ல் கார்ட்னரும் மோரிகாவாவும் காந்தப்புலத்தில் இருக்கும் பிளாஸ்மாவின் அலைக்குக் கணக்குப் போட்டபோதும் இதே சமன்பாடுதான் வந்திருந்தது. தண்ணீர், ஸ்பிரிங், பிளாஸ்மா. மூன்றுக்கும் ஒரே கணக்கு.

1965-ல் இருவரும் அந்தச் சமன்பாட்டைக் கம்ப்யூட்டரில் ஓட்டினார்கள். சாதாரண ஒரு வளைவில் ஆரம்பித்தது, கொஞ்ச நேரத்தில் எட்டு கூர்மையான மேடுகளாக உடைந்தது. உயரமானது முன்னால் ஓடிக் குட்டையானதை முட்டியது. முட்டியபிறகு இரண்டும் சிதறவில்லை. ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, எதுவுமே நடக்காத மாதிரி பழைய உயரத்தோடும் பழைய வேகத்தோடும் வெளியே வந்தன. துகள்கள் மாதிரி நடந்துகொள்வதால் எலக்ட்ரான், புரோட்டான் வரிசையில் அதற்கு சாலிட்டான் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பைப் பார்த்தால், மோதலற்ற பிளாஸ்மாவில் சாலிட்டான்கள் என்றுதான் இருக்கும். ரஸ்ஸலின் அலைக்குப் பெயர் கிடைத்தது பிளாஸ்மா கட்டுரை ஒன்றில், அவர் குதிரை ஓட்டி 131 வருஷம் கழித்து.

பிளாஸ்மாவில் அலை என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். காற்றில் ஒலி போவது மூலக்கூறுகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்வதால். அடர்த்தி குறைந்த பிளாஸ்மாவில் அயனிகள் இடித்துக்கொள்வதே அபூர்வம். ஆனாலும் ஒலி மாதிரி ஓர் அலை போகும். எலக்ட்ரான் லேசு, சூடும் அதிகம், ஓடிக்கொண்டே இருக்கும். அயனி கனம், மெதுவாக வரும். ஓடுகிறவனுக்கும் பின்தங்குகிறவனுக்கும் நடுவே மின்புலம் கயிறு மாதிரி இழுக்கும். அந்த இழுப்பில் பரவுவதுதான் அயனி ஒலியலை. 1966-ல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் வாஷிமியும் தனியுட்டியும், இந்த அலையும் உயரமானால் அதே கால்வாய்ச் சமன்பாட்டுக்குத்தான் கட்டுப்படும் என்று காட்டினார்கள். 1970-ல் இகேஸி, டெய்லர், பேக்கர் மூவரும் அமெரிக்காவில், நடுவில் வலை வைத்துப் பிரித்த இரட்டைப் பிளாஸ்மா அறையில், அந்தச் சாலிட்டானை நிஜமாகவே உண்டாக்கினார்கள். இரண்டை மோதவிட்டும் பார்த்தார்கள்.

எந்த அலைக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டா? இதற்கு சோவியத் இயற்பியலாளர் ரோல்ட் சக்தேவ் கொடுத்த பதில் எனக்கு மிகவும் பிடித்தது. அலையின் வடிவத்தைக் கண்டுபிடிப்பதும், கிண்ணத்துக்குள் கோலிக்குண்டு உருள்வதும் ஒரே கணக்கு என்று அவர் மாற்றிவிட்டார். கோலி விளிம்பில் இருந்து கிளம்பி, எதிர்ச் சுவரில் ஏறி, திரும்பி வந்து சேர்ந்தால் அதுதான் சாலிட்டான். அலையின் வேகம் கூடினால் கிண்ணத்தின் வடிவம் மாறும். அயனி ஒலியின் வேகத்தைப் போல் சுமார் 1.6 மடங்கைத் தாண்டிவிட்டால் எதிர்ச் சுவர் போதாது, கோலி வெளியே போய்விடும், திரும்பி வராது. பிளாஸ்மா மொழியில் சொன்னால், அலை மேட்டின் மின்னழுத்தம் அயனிகளையே முட்டித் திருப்பி அனுப்ப ஆரம்பிக்கும். அதற்கு மேல் சாலிட்டான் இல்லை. அமெரிக்காவில் ஜான் டாசன் 1959-லேயே, குளிர்ந்த பிளாஸ்மாவில் எலக்ட்ரான் அலைக்கு இதே மாதிரி ஒரு வரம்பைக் காட்டியிருந்தார். அலை ரொம்பப் பெரிதானால் பின்னால் வரும் எலக்ட்ரான் முன்னால் போவதை முந்திவிடும், அலை உடைந்துவிடும்.

இதுவரை சொன்னது தனி மேட்டின் கதை. அடுத்தது, வரிசையாக வரும் அலைகளின் கதை. கடல் உள்ளே வருவது இங்கேதான்.

1967-ல் இங்கிலாந்தில் புரூக் பெஞ்சமினும் ஃபெயரும் ஆழமான தொட்டியில் சீரான அலைவரிசையை விட்டுப் பார்த்தார்கள். கிளம்பும்போது ஒரே உயரம், ஒரே இடைவெளி. போகப் போக சில அலைகள் உயர்ந்து சில தாழ்ந்து, வரிசை கலைந்துபோனது. கருவிக் கோளாறு என்று மூடிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் போகவில்லை, கணக்குப் போட்டார்கள். சீரான அலைவரிசை என்பதே நிலையற்றது என்று வந்தது. அடுத்த வருஷம் சோவியத் நாட்டில் விளாதிமிர் ஸகாரோவ், அந்த வரிசையின் மேல்கோடு எப்படி மாறுகிறது என்பதற்கு ஒரு சமன்பாட்டைக் கொடுத்தார். குவாண்டம் இயற்பியலின் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டோடு ஒரு நேரியலற்ற வால் சேர்ந்தது போல் இருக்கும் அது. (ஹைட்ரஜன் குண்டு சகரோவ் வேறு, இவர் வேறு. நான் செமினாரில் உளறி மாட்டிக்கொண்டேன்.) இவர் சக்தேவின் மாணவர், பிளாஸ்மா ஆள். 1972-ல், பிளாஸ்மாவின் எலக்ட்ரான் அலைகள் முப்பரிமாணத்தில் தம்மைத்தாமே குவித்துக்கொண்டு சரிந்துபோகும் என்று காட்டியவரும் இவரே. ரஷ்ய மொழியில் கவிதைப் புத்தகங்களும் போட்டிருக்கிறார். 2023-ல் காலமானார்.

நம் பக்கத்து ஆள் ஒருவரையும் சொல்ல வேண்டும். காந்தப் பொருளின் சுழல் சங்கிலியும் இதே சமன்பாட்டின் இன்னொரு வேஷம்தான் என்று 1977-ல் காட்டியவர் எம். லட்சுமணன். பிறகு திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் நேரியலற்ற இயக்கவியல் மையத்தில் இருந்து ஒரு தலைமுறை மாணவர்களை உருவாக்கியவர்.

1983. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஹோவல் பெரெக்ரின், ஆஸ்திரேலியக் கணிதச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஸகாரோவின் சமன்பாட்டுக்கு அதில் ஒரு விசித்திரமான தீர்வு இருந்தது. முடிவில்லாத சீரான அலைவரிசை. அதில் ஓர் இடத்தில், ஒரு நேரத்தில், ஒரே ஒரு தடவை, ஓர் அலை சுற்றி இருப்பவற்றைப் போல் சரியாக மூன்று மடங்கு உயரும். பிறகு அடங்கிவிடும். முன்னாலும் தடயம் இல்லை, பின்னாலும் தடயம் இல்லை. அக்கம்பக்கத்து அலைகளிடம் எல்லாம் கைமாற்று வாங்கி ஒரு நிமிஷம் பெரிய மனிதனாக நின்றுவிட்டு, பைசா பாக்கியில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி. பலரும் இதைக் கணக்கின் விளையாட்டாகத்தான் பார்த்தார்கள். எப்போதோ எங்கேயோ ஒரே தடவை வரும் அலையை யார் போய்ப் பார்ப்பது?

மாலுமிகள் பார்த்திருந்தார்கள். பிரெஞ்சுக் கப்பல் தலைவர் துமோன் துர்வில், 1826-ல் இந்தியப் பெருங்கடலில் 30 மீட்டருக்கும் மேற்பட்ட அலையைப் பார்த்ததாகச் சொன்னார். கூட இருந்தவர்களும் சாட்சி சொன்னார்கள். பாரிஸில் அரகோ என்ற பெரிய விஞ்ஞானி அதைக் கேலி செய்தார். அதற்குப் பிறகும் ஒன்றரை நூற்றாண்டு இதே கதைதான். தப்பிப் பிழைத்து வந்தவர்கள் சொன்னதெல்லாம் மிகைப்படுத்தல், பயத்தில் வந்த கண்மயக்கம் என்று போனது. காரணம், நேரியல் கணக்குப்படி அலைகள் ஒன்றன்மேல் ஒன்று தற்செயலாக விழுந்துதான் உயரமாக முடியும். அப்படிப் பார்த்தால் மிக உயரமான அலை ஒரு மனிதனின் ஆயுளில் கண்ணில் படுவதே அரிது.

1995 ஜனவரி 1. நார்வேக்குத் தெற்கே வடகடலில் டிராப்னர் என்ற எரிவாயு மேடை. கடல் மட்டத்தை மேலிருந்து லேசர் கருவி ஒன்று அளந்துகொண்டே இருந்தது. புயல் நாள், உயரமான அலைகளே சராசரியாக 12 மீட்டர் இருந்தன. அன்று பிற்பகல் கருவியின் பதிவில் ஒரு கோடு மட்டும் எகிறி நிற்கிறது: அடியில் இருந்து உச்சி வரை 25.6 மீட்டர். கடல் மட்டத்தில் இருந்து மட்டும் 18.5 மீட்டர்.

இதைப் படித்தபோதுதான் என் கிராஃப் ஷீட் நினைவுக்கு வந்தது. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் ரப்பரைத் தேடியிருப்பேன், சந்தேகமே இல்லை. ஆனால் மேடையின் கீழ்ப்பகுதியில் சின்னச் சின்னச் சேதங்கள் இருந்தன. தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்து போனதற்கு அதுவே சாட்சி. ரீடிங் தப்பித்தது. (வேடிக்கை என்னவென்றால், அதே வருஷம் ஜூலையில் விஞ்ஞானிகள் யூனியன் கால்வாயில் கூடி, ரஸ்ஸலின் அலையைப் படகு வைத்து மறுபடி உண்டாக்கிக் காட்டினார்கள்.)

அதன்பிறகு பெரெக்ரினின் கட்டுரையைத் தூசி தட்டினார்கள். 2007-ல் ஒளியிழையில் திடீர் ராட்சத ஒளித்துடிப்புகள் தெரிந்தன. 2010-ல் பெரெக்ரின் தீர்வே அச்சு அசலாக ஒளியிழையில் அகப்பட்டது. 2011-ல் ஹாம்பர்கில் அமின் சப்சூப் குழுவினர் 15 மீட்டர் நீளத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் வீச்சுள்ள அலைகளை அனுப்பி, நடுவில் மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்றை எழும்ப வைத்தார்கள். பெரெக்ரின் 2007-லேயே போய்விட்டார். இந்தத் துறையில் இது ஒரு சாபம் போலிருக்கிறது.

அதே 2011 டிசம்பரில் மூன்றாவதாக ஒரு செய்தி வந்தது. இந்தத் தடவை பிளாஸ்மா. இடம், அஸ்ஸாமின் குவாஹாட்டி! அங்கே இருக்கும் அறிவியல் தொழில்நுட்ப உயர் ஆய்வு நிறுவனத்தில் ஹெச். பைலுங், எஸ்.கே. சர்மா, ஜப்பானியர் ஒய். நகாமுரா மூவரும் செய்த சோதனை.

இது ஏன் லேசுப்பட்ட வேலை இல்லை என்று கொஞ்சம் விளக்க வேண்டும். சாதாரண ஆர்கான் பிளாஸ்மாவில் அயனி ஒலியலை தனி மேடாகத்தான் திரளும். நீளமான அலைவரிசையை அனுப்பினால் அது பாட்டுக்குப் போகும், கைமாற்று வாங்கும் வேலையே நடக்காது. அதை மாற்ற ஒரு தந்திரம் வேண்டும். பிளாஸ்மாவில் எதிர் அயனிகளைக் கலந்தால் அலையின் குணமே மாறும் என்று 1975-லேயே ஜி.சி. தாஸ், எஸ்.ஜி. தாகரே இருவரும் கணக்கில் காட்டியிருந்தார்கள். சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு வாயுவைக் கொஞ்சம் விட்டால் போதும், அது எலக்ட்ரான்களை லபக் லபக்கென்று பிடித்துக்கொண்டு எதிர் அயனிகளைக் கொடுக்கும். கொஞ்சம் விட்டால் மேடு கிடைக்கும். நிறைய விட்டால் மேட்டுக்குப் பதிலாகப் பள்ளமே சாலிட்டானாகப் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு குறிப்பிட்ட விகிதம் இருக்கிறது. அங்கே மேடா பள்ளமா என்ற இழுபறி பூஜ்ஜியமாகிவிடும், கால்வாய்ச் சமன்பாட்டின் குவிக்கும் பகுதி செத்துப்போகும். அதற்கு அடுத்த படியில் இருக்கும் நேரியலற்ற தன்மை ஆட்சிக்கு வரும். அப்போது அந்த அலைவரிசை ஸகாரோவின் சமன்பாட்டுக்குக் கட்டுப்படும்.

குவாஹாட்டிக் குழு அந்த விகிதத்தில் வாயுவை நிறுத்தி, உயரம் மெதுவாக ஏறி இறங்கும் ஓர் அலைவரிசையைப் பிளாஸ்மாவுக்குள் அனுப்பியது. அளக்கும் கம்பியைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார்கள். போகப் போக ஒரு துடிப்பு மட்டும் குவிந்து எழும்பியது. பக்கத்து அலைகளைப் போல் மூன்று மடங்கு. பெரெக்ரின் 28 வருஷத்துக்கு முன்னால் தாளில் எழுதிய அதே மூன்று. 2016-ல் அதே ஊர்க் குழுவினர் இதன் அடுத்த படியையும் பிடித்தார்கள். அதற்குக் கணக்கு சொல்லும் உச்சம் ஐந்து மடங்கு.

கடலில் ராட்சத அலை எப்போது வரும் என்று கப்பலில் காத்திருக்க முடியாது. இங்கே ஒரு பாத்திரத்துக்குள், வேண்டும்போதெல்லாம், கண்சிமிட்டும் நேரத்துக்குள் அது வந்து போகிறது. வாயுவைத் திருகினால் வரும், இன்னும் கொஞ்சம் திருகினால் வராது. வராமல் செய்ய முடிவதுதான் பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்படிப் பார்த்தால் கடலின் புதிரும் தீர்ந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். நானும் செமினாரில் அப்படித்தான் முடித்தேன். அது சரியில்லை என்று பிறகுதான் தெரிந்தது. பாத்திரத்திலும் ஒளியிழையிலும் நீளத் தொட்டியிலும் அலை ஒரே திசையில்தான் போக முடியும். கடலில் நாலா பக்கமும் சிதறும், கைமாற்று கொடுக்கப் பக்கத்து அலைகள் நிலையாக நிற்பதில்லை. 2016-ல் ஃபெடலே குழுவினர் டிராப்னர் உட்பட மூன்று நிஜ ராட்சத அலைகளை ஆராய்ந்து, இவற்றுக்கு பெஞ்சமின்-ஃபெயர் நிலையின்மை தேவையே இல்லை, அலைகள் தற்செயலாக ஒன்றுசேர்வதும், உச்சி கூர்மையாவது என்ற சாதாரண நேரியலற்ற விளைவும் போதும் என்று எழுதினார்கள். ஸகாரோவ் பக்கத்து ஆட்கள் இதை அப்படியே ஒப்புக்கொண்டுவிடவில்லை.

2019-ல் இன்னொரு குழு டிராப்னர் அலையையே சிறிய அளவில் உண்டாக்கிக் காட்டியது. ஒரே திசையில் அலைகளை அனுப்பினால் அந்த உயரம் வருவதற்குள் உடைந்துவிட்டது. இரண்டு அலைக்கூட்டங்களைச் சுமார் 120 பாகைக் கோணத்தில் குறுக்கே மோதவிட்டபோதுதான் எழும்பியது. வட்டமான பெரிய தொட்டி அது, எந்தத் திசையில் இருந்தும் அலை விடலாம். அது இருப்பது எடின்பரோவில், ரஸ்ஸல் குதிரையில் துரத்திய கால்வாய்க்குச் சில மைல் தள்ளி.